பதினேழாம் பிரிவும் அடைத்துக்கொண்ட வலது காதும்

வாழி! வானவீதி உழும் வல்லோன் வாழி! முகிற்படை பிளந்து, முப்பத்தையாயிரம் அடி உயரத்தில், ஒரு துளியும் சிந்தாமல் காபி அருந்தும் திண்கரத்தோன் வாழி! தோளில் நான்கு பொற்பட்டை துலங்க, மணிக்கட்டில் குட்டித் தட்டளவுக் கடிகாரம் மின்ன, சக்கரப்பெட்டி உருண்டு பின்தொடர அவன் நடந்து வருகையில் விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுகள் தாமாக விலகி வழிவிடும் பெருமிதத்தோன் வாழி! (அந்தக் கதவுகள் எல்லோருக்கும்தான் விலகுகின்றன, காவியம் பாட வந்த இடத்தில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.) இடி கேட்டு இமையான், மின்னல் கண்டு மிரளான், இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு நாள்கூட நோய் விடுப்பு எடுத்தறியான்! காதும் மூக்கும் தொண்டையும் காக்கும் முப்பெருந்தேவதைகாள், ஏழாம் நம்பரின் பெரும்போரைப் பாடப் புகும் எமக்கு நல்ல குரல் தாரீர். அவருக்குத்தான் தரவில்லை, எமக்காவது தாரீர்!

ஏழாம் நம்பர் என்பது நம் தலைவரின் பட்டப்பெயர். விமானிகளின் உலகில் ஒருவர் அறிவாலோ அழகாலோ உயர்வதில்லை. வேலையில் சேர்ந்த தேதியால் உயர்கிறார். எந்த விமானம், எந்த ஊர், எந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, சங்கக் கூட்டத்தில் எந்த நாற்காலி என்பதையெல்லாம் மூப்புப் பட்டியல் என்ற ஒற்றைத் தாள் தீர்மானிக்கிறது. இருநூற்றுப் பத்துப் பேர் கொண்ட அந்தத் தாளில் நம் தலைவர் ஏழாவது. அவருக்கு மேலே இருந்த ஆறு பேரும் ஓய்வு பெறும் நாளை அவர் தம் மனைவியின் பிறந்த நாளைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார்.

இத்தகைய பெருந்தகையின்மீது ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், முரசு முழங்காமல், தூது அனுப்பாமல், அறப்போரின் மரபு ஒன்றையும் மதியாமல், நாசித்துளை இரண்டையும் நள்ளிரவிலேயே முற்றுகையிட்டு, தொண்டைக்கணவாய் கடந்து, வலது காதின் உட்கோட்டையில் கொடி நாட்டிவிட்டது ஒரு கொடும்பகை. அதன் பெயர் சளி.

எழுந்தவுடன் அவர் குளியலறைக் கண்ணாடிமுன் நின்று விமானிகளுக்கே உரிய அந்தச் சோதனையைச் செய்தார். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்து, வாயை மூடி, உள்ளிருந்து ஊத வேண்டும். காது இரண்டும் ‘டப்’ என்று திறந்தால் பறக்கலாம். திறக்காவிட்டால் பறக்கக் கூடாது. விமானம் இறங்கும்போது காற்றின் அழுத்தம் மாற மாற, அடைத்த காதுக்குள் ஆணி இறங்குவதுபோல வலிக்கும், செவிப்பறையே கிழிந்தாலும் கிழியும். அவருடைய இடது காது திறந்தது. வலது காது திறக்கவில்லை. மறுபடி ஊதினார். கன்னங்கள் புடைத்தன, கண்கள் பிதுங்கின, காதோ அசையவில்லை. “திறந்த மாதிரிதான் இருக்கு,” என்று கண்ணாடியிடம் சொன்னார்.

கண்ணாடியில், அவருக்குப் பின்னால், அவருடைய மனைவி தெர்மாமீட்டருடன் நின்றிருந்தார்.

“நாளைக்குக் காலையில ஆறு பத்து ஃப்ளைட் இருக்குல்ல? இப்பவே போன் போட்டு லீவு சொல்லிடுங்க.”

“சளிக்கெல்லாம் லீவு போடற ஆள் நான் இல்ல.”

“அது உங்க சளிக்குத் தெரியலையே.”

மாவீரர் தும்மினார்.

“சரி, மீட்டிங்குக்குப் போய் என் தம்பியோட சண்டை போடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா வந்து சாப்பிடணும். கோவிச்சுக்கிட்டு ஆளுக்கொரு நேரத்துக்கு வந்தா நான் ரெண்டு தடவை சூடு பண்ண மாட்டேன்.”

போரின் காரணத்தைச் சொல்ல மறந்துவிட்டோம். நிறுவனமும் விமானிகள் சங்கமும் செய்துகொள்ளவிருந்த புதிய ஒப்பந்தம் அன்று உறுப்பினர்களின் ஒப்புதலுக்கு வரவிருந்தது. மொத்தம் இருபத்தாறு பிரிவுகள். மாதத்துக்கு ஒரு நாள் கூடுதல் ஓய்வு தருவதாக நிறுவனம் இறங்கி வந்திருந்தது. அதற்கு ஈடாகப் பதினேழாம் பிரிவைக் கேட்டிருந்தது. அந்தப் பிரிவின்படி, உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுக்கும் விமானி அன்றைக்கே நிறுவன மருத்துவர்முன் நேரில் போய் நின்று சான்று வாங்க வேண்டும். ஓராண்டில் மூன்று முறைக்கு மேல் நோயில் விழுந்தால், நிர்வாகத்தின்முன் கைகட்டி நின்று விளக்கம் சொல்ல வேண்டும். இந்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்த மூவரில் ஒருவர் ஏழாம் நம்பரின் மைத்துனர். அவரும் விமானிதான். எதைக் கேட்டாலும் “உட்பிரிவு ஆ-வின்படி” என்று தொடங்குவதால் சங்கத்தில் அவருக்கு ‘உட்பிரிவு’ என்றே பெயர்.

பதினேழை முறியடிப்பேன் என்று ஏழாம் நம்பர் பத்து நாள் முன்னதாகவே சூளுரைத்திருந்தார். தமக்காக அல்ல, அவருக்கு நோய் ஏது? அடிக்கடி காய்ச்சலில் விழும் நோஞ்சான்களுக்காக, முதுகுவலிக்காரர்களுக்காக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் இளையவர்களுக்காக, எளியோர் துயர் கண்டு பொறாத வள்ளலாய் அவர் களம் காணப் போகிறார். நான்கு பக்கப் பேச்சு சட்டைப்பையில் இருந்தது. எழுதும்போதே இரண்டு இடத்தில் அவருக்குக் கண் கலங்கியது. தம் எழுத்துக்குத் தாமே கலங்குவது இந்தக் காவியத்தைப் பாடும் எமக்கும் பழக்கம்தான் என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டோம்.

களத்தைப் பாடுவோம். சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாததால் பயிற்சி மையத்தின் இரண்டாம் மாடி வகுப்பறையே போர்க்களமாயிற்று. ஒரு சுவரில் அவசரகாலப் பயிற்சிக்கான பொய்க்கதவு. திறந்தால் பின்னால் செங்கல். ஆணிகளில் மஞ்சள் மிதவைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. வெள்ளைப்பலகையில் முந்தைய நாள் தீயணைப்புப் பாடம் பாதி அழிந்து கிடந்தது. ஐம்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சீருடை இல்லாத நாளில் விமானிகள் எல்லோரும் ஒன்றுபோலவே கட்டம்போட்ட சட்டை அணிவதால், நாற்காலி வரிசையை வைத்துத்தான் யார் பெரியவர் என்று தெரிந்தது. மூப்பு வரிசைப்படி முன்னால் கேப்டன்கள், பின்னால் துணை விமானிகள். முன்வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் கைப்பிடி இருந்தது.

தலைமை இருக்கையில் சங்கத் தலைவர் ‘ஆட்டோபைலட்’ வீற்றிருந்தார். கூட்டத்தைத் தொடங்கிவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டால் அது தானாகப் போய்த் தானாக முடியும் என்று நம்புகிறவர். அவர் பக்கத்தில் சங்கச் செயலாளர் நின்றார். பட்டியலில் நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது துணை விமானி. குரலின் தெளிவால் ‘கணீர்’ என்று பெயர் பெற்ற பெண். சங்கத்தின் விதி எளியது. செயலாளர் ஒவ்வொரு பிரிவாக வாசிப்பார். ஆட்சேபம் உள்ளவர் உடனே கை தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அது நிறைவேறியது.

முதல் எட்டுப் பிரிவுகள் சிறு சலசலப்போடு கடந்தன. ஒன்பதில் மூண்டது பெரும்போர்.

ஒன்பதாம் பிரிவு உணவைப் பற்றியது. ஒரே விமானத்தை ஓட்டும் இருவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது. கெட்டுப்போயிருந்தால் இருவரும் ஒருசேர விழுந்துவிடுவார்கள் அல்லவா? எனவே இரண்டு விதத் தட்டுகள் வரும். ஒன்று எப்போதும் நன்றாக இருக்கும்; மற்றது எப்போதும் இருக்காது. முதலில் எடுக்கும் உரிமை கேப்டனுக்கே என்பது தொன்றுதொட்ட நியதி. அதை முறைவைத்துப் பகிர வேண்டும் என்று பின்வரிசை எழுந்தது. அந்தோ! பல்லாண்டு காய்ந்த தட்டையே தின்று வெகுண்ட துணை விமானிச் சேனை ஆழிப்பேரலையெனப் பொங்க, கைப்பிடி நாற்காலிகளை அரண்களாகக் கொண்ட கேப்டன்கள் மலையென நின்று தடுக்க, ஒலிபெருக்கி கீச்சிட, மிதவைச் சட்டைகள் அசைந்தாட, ஐம்பது நிமிடம் நடந்தது அந்த அமர். நூற்று நாற்பது உயிர்களைப் புயலினூடே பத்திரமாக இறக்கும் பக்குவம் வாய்ந்த பெருமக்கள், வெந்த கோழித்துண்டு ஒன்றை முன்னிட்டு ஒருவரையொருவர் ‘சர்வாதிகாரி’ என்றும் ‘நன்றி கெட்டவன்’ என்றும் அழைத்துக்கொண்டார்கள். ஏழாம் நம்பரும் கட்டிய தொண்டையோடு பதினோரு நிமிடம் முழங்கினார். அவர் என்ன முழங்கினார் என்பது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. இறுதியில், போகும்போது கேப்டன் எடுப்பது, திரும்பும்போது துணை விமானி எடுப்பது என்று சமாதானம் ஆயிற்று.

அதற்குள் மணி பன்னிரண்டரை. எல்லோருக்கும் பசி. பேசி ஓய்ந்த சபை நாற்காலிகளில் சரிந்து கிடக்க, கணீர் அடுத்த பிரிவுகளை மளமளவென்று வாசிக்கத் தொடங்கினார். இங்கேதான், வாசகப் பெருமக்களே, விதி வந்து விளையாடியது.

விமானம் கிளம்புமுன்னும் இறங்குமுன்னும் காக்பிட்டில் ஒரு சடங்கு உண்டு. ஒருவர் பட்டியலை வாசிப்பார். மற்றவர் பார்த்து, ‘செக்’ என்று சொல்வார். எரிபொருள்? செக். கதவுகள்? செக். சக்கரம்? செக். ஆண்டுக்கணக்கில் இப்படியே சொல்லிச் சொல்லி, வீட்டில் படுக்கப் போகும்போது ‘கேஸை மூடியாச்சா?’ என்று கேட்டால்கூட எழுந்து பார்க்காமலே ‘செக்’ என்று பதில் சொல்லும் இனம் இது. கணீரின் குரலோ பட்டியல் வாசிக்கவே படைக்கப்பட்ட குரல்.

“பிரிவு பத்து. சீருடைக் காலணி, ஆண்டுக்கு இரண்டு ஜோடி.”

“செக்,” என்றது யாரோ ஒருவரின் வாய், அவரைக் கேட்காமல்.

“பிரிவு பதினொன்று. வெளியூர் விடுதி அறையில் திரைச்சீலை.”

“செக்,” என்றன ஐந்தாறு வாய்கள்.

பன்னிரண்டு, செக். பதின்மூன்று, செக். பதினான்குக்கு வந்தபோது ஐம்பத்தெட்டு வாய்களும் ஒரே தாளத்தில் இயங்கின. ஆட்டோபைலட் முகமலர்ந்து ஒவ்வொன்றின் எதிரிலும் கோடு போட்டார். இவ்வளவு ஒழுங்கான கூட்டத்தை அவர் கண்டதில்லை. பதினைந்து, பதினாறு. பதினேழு வந்தபோது கணீர் வேகத்தைக் குறைத்தார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார். வாசித்து முடித்துத் தாளிலிருந்து கண்ணை உயர்த்தி, முன்வரிசையில் ஏழாவது நாற்காலியைப் பார்த்துக் காத்து நின்றார்.

சூளுரைத்த சூரர், நான்கு பக்கப் பேருரை நெஞ்சருகே துடிக்க, பஞ்சடைத்ததுபோன்ற காதுக்குள் குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் இனிதாக வந்து விழ, இருபத்திரண்டாண்டுப் பழக்கம் உந்தித் தள்ள, நிமிர்ந்து அமர்ந்து, சபையில் வேறெவரினும் உரக்க, உறுதியாக முழங்கினார்.

“செக்!”

கோடு விழுந்தது. பதினேழாம் பிரிவு நிறைவேறிற்று.

திரும்பிப் பார்த்து, மூன்றாவது வரிசையில் மைத்துனரின் தோள்கள் சிரிப்பில் குலுங்குவதைக் கண்டபோதுதான் ஏழாம் நம்பருக்கு நடந்தது உறைத்தது. குபீரென்று எழுந்தார். நாற்காலி பக்கவாட்டில் சாய்ந்து எட்டாம் நம்பரின் மடியில் விழுந்தது. “ஆட்சேபம்!” என்று கூவினார். ஆட்டோபைலட் கடிகாரத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், மூப்புப் பட்டியலையும் ஒருமுறை மனத்தில் பார்த்துக்கொண்டார். ஏழாம் நம்பருக்கு ஒரு வாய்ப்புத் தரலாம் என்று முடிவாயிற்று.

பேருரை விரிந்தது. “அவையோரே! ஆகாயத்தின் புதல்வர்களே! நோயென்று சொல்லி வருபவனை வாசலில் நிறுத்திப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாட்டுச் சந்தையின் வழக்கமன்றோ? விமானி மாடா? மொழிவீர்!” கரகரத்த குரலில் அது தகரத்தை இழுத்ததுபோல ஒலித்தாலும், பின்வரிசை மேசையைத் தட்டியது. நோஞ்சான்களின் கண்கள் பனித்தன. இரண்டாம் பக்கத்தின் நடுவில், முதல்முறை அவரே கலங்கிய இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

அப்போது எழுந்தார் மைத்துனர். கையில் ரிமோட். சுவரில் ஒரு படம் விழுந்தது. அது நிறுவனம் பேச்சுவார்த்தையின்போது கொடுத்த வரைபடம். இருநூற்றுப் பத்துப் பேரும் எடுத்த நோய் விடுப்புகள் கட்டை கட்டையாக நின்றன. ஒரே ஒரு இடத்தில் கட்டையே இல்லை. அங்கே 7 என்று இருந்தது.

“மாமா, நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா கம்பெனிக்காரங்க இதைத்தான் எங்ககிட்ட நீட்டினாங்க. இருபத்திரண்டு வருஷம் ஒருத்தர் ஒரு நாள்கூட லீவு போடாம ஓட்டுறார். அவருக்கு முடியுதுன்னா மத்தவங்களுக்கு ஏன் முடியாதுன்னு கேட்டாங்க. எங்களால பதில் சொல்ல முடியல. நீங்களே சொல்லுங்க, என்ன சொல்லட்டும்?”

ஓராயிரம் கணைகளுக்கும் அசையாதவர் இந்த ஒற்றைக் கணைக்கு அசைந்தார். அதுவும் எப்படி? மகிழ்ச்சியில்! ஆம், மறைப்பானேன்? சுவர் முழுக்கத் தம் எண்ணின்மீது வெற்றிடம் ஒளிவிடுவதைக் கண்டு அவர் நெஞ்சு ஒரு சுற்று விரிந்தது. யாரோ கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்றும் தட்டினார்கள். எதிர்க்கவேண்டிய பிரிவுக்குத் தாமே தூணாக நிற்கிறோம் என்று அறிவு ஒரு பக்கம் அலற, “பரவால்ல, உட்காருங்க, உட்காருங்க” என்று கையமர்த்திப் புன்னகைத்தார் அந்தப் பேதை. எம் தலைவர்தான், ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

அந்தப் புன்னகையின் நடுவே கிளம்பியது தும்மல்.

முதல் தும்மலில் பேருரையின் நான்கு பக்கங்களும் நாற்றிசையும் பறந்தன. இரண்டாவதில் ஒலிபெருக்கி கீச்சிட்டு அடங்கியது. மூன்று, நான்கு, ஐந்து என்று அடுக்கடுக்காய், ஏற்றிய அம்பு இறங்குமுன் அடுத்த அம்பு பாய்வதுபோல் அவை புறப்பட, முன்வரிசையின் மூத்தோர் கைக்குட்டைக் கேடயம் தாங்கிப் பின்வாங்க, ஆறாவதில் பொய்க்கதவின் தாழ்ப்பாள் கழன்று கதவு தானே திறந்து செங்கல் தெரிந்தது. ஏழாவது தும்மல் வருவதுபோல் வந்து, அவரை வானம் பார்க்க நிற்க வைத்துவிட்டு, வராமலே போயிற்று.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியபின் கணீரின் குரல் கேட்டது. அதில் சிரிப்பு இல்லை.

“சார், மூக்கைப் பிடிச்சு ஊதிக் காட்டுங்க.”

இதைவிடப் பெரிய அறைகூவல் விமானிகளின் குலத்தில் இல்லை. நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் நம்பர் ஏழாம் நம்பரைப் பார்த்துக் கேட்கக்கூடியதும் அல்ல.

ஏற்றார் ஏந்தல். வலக்கையின் இரு விரல்கள் நாசியெனும் இருவாயிற்கோட்டையை இறுக்கிப் பூட்டின. உதடுகள் அடைபட்டன. அடிவயிற்றிலிருந்து திரண்டெழுந்த காற்றுச்சேனை மார்புப் பெருவெளி கடந்து, தொண்டைக்கணவாயில் சளிப்படையின் முதல் அணியை முட்டித் தள்ளி, வலது காதின் வாயிலை வந்து மோதியது. திறக்கவில்லை. சேனை பின்வாங்கி மீண்டும் மோதியது. கன்னங்கள் கால்பந்தாயின. நெற்றி நரம்பு புடைத்தது. முகம் சிவந்து, கருத்து, மெல்ல நாவல்நிறம் எய்திற்று. ஐம்பத்தேழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் காதையே பார்த்தார்கள். சிலர் தம்மையறியாமல் தங்கள் மூக்கையும் பிடித்துக்கொண்டு உதவினார்கள். மூன்றாம் முறை, முன்னோர் அனைவரையும் நினைந்து, மொத்த உடலையும் திரட்டி, கால் கட்டைவிரலில் எழும்பி நின்று அவர் ஊதினார்.

திறந்தது சட்டைப் பொத்தான் மட்டுமே.

விரலை எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. இருந்த அத்தனை பேருக்கும் அதன் பொருள் தெரியும்.

“நாளைக்குக் காலையில உங்களுக்கு டூட்டி இருக்கே சார்?” என்றார் கணீர். “அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

‘அன்னைக்கு’ என்ற சொல்லை அவருடைய இடது காது தெளிவாகவே கேட்டது. இப்போது அவர்முன் இரண்டு வழிகள் இருந்தன. ‘காது திறந்துவிட்டது’ என்று சொல்லலாம், மற்றவன் காதைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது, சுவரில் அந்த ஒளிமிகு வெற்றிடம் அப்படியே இருக்கும், பதினேழும் இருக்கும். மற்ற வழியைப் பற்றி அவர் இரண்டு ஆண்டுகளாக நினைக்காமலே இருந்து பழகியிருந்தார். கீழே சிதறிய தாள்களைக் குனிந்து பார்த்தார். அவற்றில் இதற்கான பேச்சு எதுவும் இல்லை. காவியத்தின் நாயகன் முதன்முதலாகத் தாளில்லாமல் பேசினார்.

“ரெண்டு வருஷம் முன்னாடி. மழை. இதே மாதிரி சளி. எறங்கும்போது வலது காதுல உயிர் போற வலி. நாலாயிரம் அடியில நில்லுங்கன்னு டவர்ல சொல்லியிருக்காங்க. எனக்குக் கேக்கல. நான் பாட்டுக்கு எறக்கிக்கிட்டே போனேன். பக்கத்துல இருந்தது இந்தப் பொண்ணுதான். ‘கன்ட்ரோல் என் கையில’ன்னு சொல்லி வாங்கி, அதுதான் தரையில எறக்குச்சு. நூத்து முப்பத்தாறு பேர் உள்ள இருந்தாங்க.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “சின்ன விஷயம், ரிப்போர்ட் எழுத வேணாம்னு சொன்னது நான். நான் ஏழு, அது நூத்துத் தொண்ணூத்தெட்டு. எப்படி எழுதும்? அது மேல தப்பில்ல. இன்னைக்கு நானே எழுதிக் குடுத்துடறேன். அந்தப் படத்துல எனக்குக் கட்டை இல்லாதது நான் நல்லா இருந்ததால இல்ல. நல்லா இல்லாதப்பவும் போனதால. ஒரு லீவுக்காக டாக்டர் வீட்டு வாசல்ல போய் நிக்கணும்னா, எல்லாரும் என்னை மாதிரியேதான் போவாங்க. அவ்வளவுதான்.”

சுவர்ப்படம் அணைந்தது. அணைத்தவர் மைத்துனர்.

“மாமா, உட்காருங்க,” என்றார். விழுந்த நாற்காலியை அவரே நிமிர்த்திப் போட்டார். பிறகு ஆட்டோபைலட்டிடம் திரும்பி, உட்பிரிவு எதையும் சுட்டாமல், “இதைத் திருப்பி எடுத்துட்டுப் போய்ப் பேசறோம் சார்,” என்றார்.

கைகள் எண்ணப்பட்டன. பதினேழைத் திருப்பி அனுப்ப முப்பத்தொன்பது. அப்படியே இருக்கட்டும் என்று பத்தொன்பது. அந்தப் பத்தொன்பது பேரும் கெட்டவர்கள் அல்ல. கூடுதல் ஓய்வுநாளுக்கு ஏற்கனவே குடும்பத்தோடு திட்டம் போட்டுவிட்டவர்கள். இனி அந்த நாளும் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. வெளியே போகும்போது சிலர் ஏழாம் நம்பரின் தோளைத் தட்டினார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எட்டாம் நம்பர் மட்டும் அருகில் வந்து, “அந்த ரிப்போர்ட்டால உங்களுக்கு எதுவும் ஆகாதே?” என்று கேட்டார். அக்கறையா ஆசையா என்று சொல்ல முடியவில்லை. கணீர் சிதறிய தாள்களைப் பொறுக்கி அடுக்கிக் கொடுத்தார். “இஞ்சி போட்டுக் குடிங்க சார்,” என்றார். “நீயும் என்னை மன்னிச்சுடும்மா,” என்றார் அவர். “ரிப்போர்ட்டுல நானும் கையெழுத்துப் போடறேன் சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பெண் படியிறங்கிப் போனார்.

வண்டி நிறுத்துமிடத்தில், மைத்துனர் காரைத் திறந்துவிட்டுக் காத்திருக்க, ஏழாம் நம்பர் கைபேசியை எடுத்தார். பணிப்பட்டியல் அலுவலகத்தின் எண் அவரிடம் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் தேவைப்பட்டதில்லை. மைத்துனரிடம் வாங்கிக்கொண்டார். மறுமுனையில் ஒரு பெண் எடுத்தார்.

“நாளைக்கு ஆறு பத்துக்கு நான் வர முடியாது. உடம்பு சரியில்ல.”

“யாரு, ஏழாம் நம்பர் சாரா? சார், நிஜமாவே நீங்கதானா? யாராச்சும் உங்க போனை எடுத்துட்டாங்களா?”

“நான்தாம்மா.”

“என்ன சார் உடம்புக்கு?”

இங்கே ஒரு மாபெரும் சொல் வந்திருக்க வேண்டும். புயலோ போரோ புண்ணோ ஏதேனும் ஒன்று, இருபத்திரண்டாண்டு விரதத்தை முறிக்கத் தகுதியான காரணமாக. அவர் தேடிப் பார்த்தார்.

“சளி,” என்றார்.

விசைப்பலகை இரண்டு முறை தட்டும் ஒலி கேட்டது. அவர் தயங்கினார். கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

“அப்ப, நாளைக்கு ஃப்ளைட்டு? என்ன பண்ணுவீங்க?”

“அது பாத்துக்கலாம் சார். நீங்க ரெஸ்ட் எடுங்க.”

அந்தோ, எவ்வாறு பார்த்துக்கொள்வர்! இருபத்திரண்டு ஆண்டுகளாக எவன் வருகைக்கென்றே ஞாயிறு கீழ்வானில் தலைநீட்டியதோ, எவன் காலடி கேட்டே ஓடுபாதையின் விளக்குகள் வரிசையாய்க் கண்விழித்தனவோ, எவன் கைபட்டால்தான் இயந்திரமிரண்டும் மதகரியெனப் பிளிறி எழுமோ, அவன் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, நூற்று நாற்பது பயணிகளும் கையில் பெட்டியோடு கலங்கி நிற்க, மேகங்கள் வழிகாட்டுவாரின்றித் திகைக்க, திசைகள் எட்டும் தம் வேந்தனைத் தேடித் தேம்ப, தரையோடு தரையாய்ச் சிறகொடிந்து விம்மப்போகும் அந்த வானூர்தியை எண்ணி, மைத்துனரின் காரில், மூக்கைச் சிந்திக்கொண்டே, நெடுந்தொலைவு வருந்தினார் நம் வானவீதி வல்லோன்.

மறுநாள் ஆறு பத்து விமானம் வேறொருவரோடு சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போனது.